ஓடும் குதிரையின் இரத்தம் என்ன சொல்கிறது?

1973-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் செக்ரடேரியட் என்ற குதிரை சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தை 2 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஓடி முடித்தது. இப்படிப்பட்ட குதிரைகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கால்களைத்தான் புகழ்வார்கள். ஆனால் பயிற்சியின் பலன் காலில் மட்டுமா தெரிகிறது? சில மில்லிலிட்டர் இரத்தத்திலும் தெரிகிறது!

முதலில் சிவப்பணுக்கள். குதிரை தன் சிவப்பணுக்களில் பெரும் பங்கை மண்ணீரலில் சேமித்து வைக்கிறது. ஓய்வில் இருக்கும்போது இரத்தத்தில் அவற்றின் அளவு 35 முதல் 40 சதவீதம் இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது மண்ணீரல் சுருங்கி, அது 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். குதிரை மிரண்டாலே போதும், அளவு ஏறிவிடும்.

அடுத்தது லாக்டேட். ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருப்பது, கடும் பந்தயத்துக்குப் பின் 20-ஐத் தாண்டலாம். இது 4-ஐத் தொடும் வேகம் எது என்று பார்ப்பது பழைய வழக்கம். நல்ல பயிற்சி பெற்ற குதிரை அந்த அளவைத் தொட முன்பைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். பயிற்சி பலித்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, தசையிலிருந்து கசியும் நொதிகள். கிரியேட்டின் கைனேஸ் சில மணி நேரத்தில் ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஏஎஸ்டி என்ற நொதி மெதுவாக ஏறி, பல நாட்கள் தங்கும். ஆகவே முதலாவது இறங்கி, இரண்டாவது மட்டும் உயர்ந்திருந்தால் சில நாட்களுக்கு முன்பே தசை அடிபட்டிருக்கலாம். வெளியே பார்த்தால் குதிரை நன்றாகத்தான் நிற்கும்!

சரி, இவ்வளவு தெரிந்தும் என்ன பயன்? இங்கேதான் சிக்கல். இந்த அறிவு குதிரைக்கு ஓய்வு கொடுக்கவும் பயன்படும், அதை இன்னும் விரட்டவும் பயன்படும். சிவப்பணுக்களைப் பெருக்க மனிதர்களுக்கான இபிஓ மருந்தைக் குதிரைகளுக்கு ஊசி போட்டவர்கள் உண்டு. சில குதிரைகளின் உடல் அந்த மருந்தை எதிர்க்கத் தொடங்கி, தன் சொந்த இபிஓவையும் சேர்த்தே எதிர்த்தது. விளைவு, கடும் இரத்தசோகை. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்த விவகாரத்தில் 27 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் ஒருவரான பயிற்சியாளர் ஜார்ஜ் நவாரோவுக்கு 2021 டிசம்பரில் 5 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

திருடனைப் பிடிக்க இரத்தம் எடுப்பது சரிதான். ஆனால் அது மட்டும் போதாது. ஒருநாள் எடுத்த ஒற்றை எண் ஏமாற்றிவிடும். ஒரு குதிரைக்கு இயல்பான அளவு இன்னொன்றுக்கு ஆபத்தாக இருக்கலாம். மனித விளையாட்டு வீரர்களுக்கு 2009 முதல் இரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்து, அவரவர் பழைய அளவோடு ஒப்பிடும் முறை இருக்கிறது. குதிரைக்கும் அப்படித்தான் வேண்டும். அதே நேரம், அதே ஓய்வு நிலை, மாதம் ஒருமுறை, ஒரு நோட்டு. குதிரை கை மாறினால் அந்த நோட்டும் கூடவே போக வேண்டும். அமெரிக்காவின் சில வகைப் பந்தயங்களில் ஒரே நாளில் குதிரை விற்கப்பட்டு வேறு லாயத்துக்குப் போய்விடுகிறது. புதிய பயிற்சியாளருக்கு அதன் உடலின் பழைய கதை எப்படித் தெரியும்?

"அனுபவமுள்ள பயிற்சியாளருக்குக் கண்ணே போதும்" என்பார்கள். தீனியை மிச்சம் வைத்தாலே குதிரைக்கு ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பவர்கள் உண்டு, உண்மைதான். ஆனால் கசிந்த நொதி கண்ணுக்குத் தெரியாதே! இரத்தமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா மைதானத்தில் 2018 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரை 30 குதிரைகள் இறந்தன. பந்தயக் குதிரைகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலும்பு முறிவுதான். தசை நொதிகள் அதைக் காட்டாது. அதற்கான அடையாளத்தை இரத்தத்தின் ஆர்என்ஏவில் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

அது கைக்கு வரும்வரை கையில் இருப்பதையாவது ஒழுங்காகப் பயன்படுத்தலாம். வலிக்கிறது என்று குதிரையால் சொல்ல முடியாது. அதன் மேல் பணம் கட்டுகிறவர்களும் கேட்கப் போவதில்லை. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து "இன்று ஓட வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் உரிமையாளரிடம் இருக்கக் கூடாது, கால்நடை மருத்துவரிடம்தான் இருக்க வேண்டும். இது இல்லாமல் எத்தனை பரிசோதனை செய்தாலும் லாபம் குதிரைக்கு இல்லை.