கண்ணெதிரே மழை... கருவியோ 'காற்றில் ஈரமே இல்லை' என்றது!

காலை 5.30, மாலை 5.30. நம் கடிகாரப்படி இந்த இரண்டு வேளைகளை ஒட்டி, உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து வானிலை பலூன்கள் கிளம்புகின்றன. பலூனின் அடியில் தொங்கும் சின்னப் பெட்டிக்குப் பெயர் ரேடியோசாண்ட். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் என அளந்து அளந்து தரைக்குச் சொல்லிக்கொண்டே மேலே போகும். ஏறக்குறைய 30 கி.மீ உயரத்தில் பலூன் வெடித்தால் ஆட்டம் முடிந்தது.

நாளைக்கு மழையா, வெயிலா என்ற கணிப்புக்கு இந்தப் பெட்டியும் முக்கிய சாட்சி. சாட்சியே பொய் சொன்னால்?

சொன்னது. 1992 நவம்பர் முதல் 1993 பிப்ரவரி வரை மேற்குப் பசிபிக்கில் 'டோகா கோர்' என்ற பெரிய சர்வதேச ஆய்வு நடந்தது. வெதுவெதுப்பான கடல், திரண்டு நிற்கும் மேகங்கள், கொட்டும் மழை. ஆனால், பல பலூன்கள் அனுப்பிய ஈரப்பத அளவை வைத்துக் கணக்குப் போட்டால், 'இந்தக் காற்றுக்கு இடிமேகம் எழுப்பும் தெம்பு இல்லை' என்றே விடை வந்தது. மழைக்குத்தான் இந்தக் கணக்கு தெரியவில்லைபோல!

கடல்மட்டத்தில் வேறு கருவிகள் அளந்த ஈரப்பதத்தையும், பலூன் கிளம்பிய சில நூறு மீட்டருக்குள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பலூன் குறைத்துச் சொன்னது. சிப்சர், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998-ல், இது உலகளாவிய பிரச்னையோ என்று கேள்வி எழுப்பினர். இன்னொரு துப்பு முக்கியமானது. கருவி எவ்வளவு பழையதோ, தவறும் அவ்வளவு பெரியது.

அந்த 'ஆர்.எஸ்.80' கருவியைத் தயாரித்தது பின்லாந்தின் வைசாலா நிறுவனம். உள்ளே இருப்பது மெல்லிய பாலிமர் படலம். நீராவியை அது உறிஞ்சும் அளவை வைத்தே ஈரப்பதம் தெரியும். கருவியைச் சுற்றியிருந்த பேக்கிங் பொருளிலிருந்து கசிந்த வாயு, அந்தப் படலத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோலத்தான். நீராவி வந்தபோது இடம் இல்லை. குடோனில் தூங்கிய காலம் நீள நீள, துண்டுகள் கூடின.

நிறுவனம் தவற்றை மூடி மறைக்கவில்லை, அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து திருத்தக் கணக்கு உருவாக்கியது. பாராட்ட வேண்டிய விஷயம். 2000-ல் சென்சாருக்குப் புது மூடியும் வந்தது. அடுத்து வந்த ஆர்.எஸ்.92-ல், பறக்கவிடும் முன் சென்சாரைச் சூடாக்கி அழுக்கை விரட்டும் வசதி சேர்ந்தது. அதற்கும் வேறொரு தலைவலி: பகல் வெயில் சென்சாரைச் சூடாக்க, ஈரம் குறைவாகக் காட்டியது. இரவு அளவோடு ஒப்பிட்டபோது அதுவும் மாட்டிக்கொண்டது.

பழைய பதிவுகள்தான் பாவம். திருத்த வேண்டுமானால் கருவியின் வயது தெரிய வேண்டும். அதைச் சொல்லும் வரிசை எண் பல இடங்களில் பதிவு செய்யப்படவே இல்லை. அந்த அளவுகளையும் புதிய அளவுகளையும் அப்படியே வரிசையாக வைத்தால், கருவி மாறிய வருடத்தில் வானமே திடீரென ஈரமானதுபோலத் தெரியும்.