சும்மா இருக்கும் கைகள்

சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தாள் பழவேற்காட்டு மாணவி ஒருத்தி. ஏன் என்று கேட்டேன். "அம்மா வீட்ல சும்மாதான் இருக்காங்க மேடம். ஓலைப் பெட்டி முடைவாங்க, அவ்வளவுதான்."

பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனேன். பனங்குருத்தைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, மறுபடி உலர்த்தி, அதன்பிறகுதான் முடைய உட்கார்கிறார்கள். வரைபடம் கிடையாது. பெட்டிக்கு மூடி பிசகாமல் பொருந்தும் கணக்கு முழுவதும் விரல்களில் இருக்கிறது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை. அடுப்புக்கும் பிள்ளைக்கும் நடுவே நடப்பதால் அதற்கு வேலை என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை.

அதே ஊரில் சிற்பம் எங்கே என்று கேட்டால் டச்சுக் கல்லறைக்கு வழிகாட்டுவார்கள். வாசலின் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கல். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு அதற்கு உண்டு. இருக்கட்டும். கல் நிற்கும், ஓலை மக்கும் என்பார்கள். கலை, கைவினை என்ற பிரிவினை பொருளின் ஆயுளைப் பார்த்து வந்ததல்ல. செய்தவர் யார், எங்கே உட்கார்ந்து செய்தார் என்பதைப் பார்த்து வந்தது.

இந்தப் பிரிவினையோடு மோதிய சிற்பி ஒருவரை வகுப்பில் அடிக்கடி பேசுகிறேன்: மிருணாளினி முகர்ஜி (1949–2015). மும்பையில் பிறந்தவர், பரோடாவில் கே.ஜி. சுப்ரமணியனிடம் பயின்றவர், டெல்லியில் வாழ்ந்தவர். 1970களில் அவர் கையிலெடுத்தது சந்தையில் விற்கும் சணல் கயிறு. தறி இல்லை, முன்வரைவு இல்லை. சாயமேற்றி, முடிச்சுமேல் முடிச்சு போட்டு, ஆளை அண்ணாந்து பார்க்கவைக்கும் உருவங்களை எழுப்பினார். 'யக்ஷி' 1984, 'வனஸ்ரீ' 1994. மலரா, பெண்ணா, தெய்வமா என்று முடிவுகட்ட விடாத உருவங்கள். இதெல்லாம் சிற்பமா, கைவேலைதானே என்ற ஏளனம் அவரை நெடுநாள் துரத்தியது. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது 2015 ஜனவரியில். சில நாட்களில் அவர் இறந்துபோனார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கொண்டாடியது 2019இல்.

இப்போது அவரைப் பாராட்டுகிறவர்கள் 'இயற்கையால் ஈர்க்கப்பட்டவர்' என்கிறார்கள். என் சண்டை இந்தச் சொல்லோடுதான். ஆண் ஒரு மரத்தைப் பார்த்துச் செதுக்கினால் சிந்தனை. பெண் செய்தால் சுபாவம். குயில் கூவுவதுபோல அவளுக்கு அது தானாக வந்துவிடுகிறதாம். தானாக வருவதற்கு யார் கூலி கொடுப்பார்கள்?

பழவேற்காடு ஏரியிலும் இதே கதை. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரிக்கும் வழக்கத்துக்குப் 'பாடு' என்று பெயர். அந்த உரிமை குறிப்பிட்ட மீனவச் சாதிகளின் ஆண்களுக்கே. முழங்கால் நீரில் தவழ்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் பாடு இல்லை. படும்பாடு மட்டும் உண்டு. புகைப்படத்தில் அவர்கள் இயற்கையோடு இயைந்தவர்கள். உரிமை கேட்டால் மரபு குறுக்கே வந்து நிற்கும்.

"மிருணாளினியும் பெட்டி முடைகிறவரும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. அவருடைய தந்தை ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, தாய் லீலா முகர்ஜியும் சிற்பி. படிப்பு இருந்தது, ஒரே உருவத்தோடு மாதக்கணக்கில் கிடக்க இடமும் நேரமும் இருந்தன. பழவேற்காட்டுப் பெண் வியாபாரி கேட்ட அளவில், வியாபாரி சொன்ன விலைக்கு, ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். யாரும் கேட்காத ஒன்றைச் செய்து பார்க்க அவருக்கு ஒரு பிற்பகல் கிடைத்ததுண்டா? விரல்களின் அறிவில் நான் வித்தியாசம் காணவில்லை. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தைப் பங்கிட்டவர்களே பிறகு வந்து, பெண்களில் ஏன் பெரிய சிற்பிகள் இல்லை என்று கேட்கிறார்கள்.

ஆகவே, முடைகிறவர்களை 'சிற்பி' என்று மேடையில் அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டாம். பொன்னாடைக்கு அரிசி கிடைக்காது. வகிர்ந்த நேரத்துக்கும் சாயமேற்றிய நேரத்துக்கும் சேர்த்து விலை வையுங்கள். பெட்டியின் அடியில் முடைந்தவர் பெயரை எழுதுங்கள். ஏரியின் முறையில் பெண்ணுக்கும் ஒரு நாள் கொடுங்கள்.

அன்று அந்த மாணவியிடம் கோட்டை அடித்துவிட்டு எழுதச் சொன்னேன். "என்னன்னு எழுதறது மேடம்?" என்றாள். 'கைவினை' என்று என் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். யோசித்து அவளே எழுதினாள்: 'ஓலை முடைபவர்'. அடுத்த கட்டம் 'ஆண்டு வருமானம்'. பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.