நாலு பந்துக்கு ஒரு பட்டப்பெயரா?

கிரிக்கெட் ஆட்டத்தில் ஒரு பையன் சரியாக ஆடவில்லை. மறுநாள் பத்திரிகையில் திட்டு. டெலிவிஷனில் திட்டு. செல்போனைத் திறந்தால் கேலிப்படம். உடனே ரசிகர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. "எங்கள் ஆளை எப்படித் திட்டலாம்?" என்று வரிந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

யார் பக்கம் நியாயம்? திட்டுகிறவர்கள் பக்கமா? தடுக்கிறவர்கள் பக்கமா?

போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. ஏலத்தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வாழும் சிற்றூர். அங்கே டீக்கடைப் பெஞ்சில் கிரிக்கெட் பேச்சு வந்தால், விஜய் சங்கர் பெயரும் கூடவே வரும்.

"என்னண்ணே, நாலு பந்தைக் கோட்டை விட்டவருக்கு இன்னுமா வக்காலத்து?" என்பார் இளைஞர்.

"தம்பி, கடைசி ஓவர்ல அவர் அடிச்ச நாலு ரன்னை எண்ணிப் பார்த்தியா?" என்பார் பெரியவர்.

இந்தச் சண்டையின் கதை தெரிந்தவர்கள் பலர். முழுக் கதை தெரிந்தவர்கள் சிலரே.

2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு நகரில் பிரேமதாசா மைதானம். நிதாஹாஸ் கோப்பைக்கான கடைசிப் போட்டி. இந்தியாவும் வங்காளதேசமும் மோதின. இந்தியா வெற்றி பெற 167 ரன் வேண்டும்.

திருநெல்வேலியில் பிறந்தவர் விஜய் சங்கர். தமிழ்நாட்டு அணிக்கு ஆடியவர். மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். அப்போது அவருக்கு வயது 27. இந்திய அணிக்கு அந்த மாதம்தான் வந்திருந்தார். அந்தத் தொடரில் பந்து வீசியிருந்தாரே தவிர, மட்டை பிடிக்க முறை வரவே இல்லை. இந்தியாவுக்காக அவர் முதன் முதலில் மட்டையுடன் களம் இறங்கியதே இந்தக் கடைசிப் போட்டியில்தான்!

கேப்டன் ரோகித் சர்மா 56 ரன் எடுத்து அவுட் ஆனார். அடுத்து யார்? அனுபவசாலியான தினேஷ் கார்த்திக் தயாராக இருந்தார். கடைசி ஓவர்களுக்கு அவர் வேண்டும் என்று கேப்டன் நிறுத்தி வைத்தார். புதியவரான விஜய் சங்கரை முன்னால் அனுப்பினார்.

18-வது ஓவர் வந்தது. பந்து வீச வந்தவர் முஸ்தாபிசுர் ரகுமான். வேகமாகக் கையைச் சுழற்றுவார். பந்து மெதுவாக வந்து திரும்பும். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே அவரிடம் ஏமாந்தது உண்டு. விஜய் சங்கர் வீசினார். மட்டையில் படவில்லை. மறுபடி வீசினார். படவில்லை. நான்கு பந்துகள் அப்படியே போயின. ஐந்தாவது பந்து காலில் பட்டு ஒரு ரன். ஆறாவது பந்தில் மணீஷ் பாண்டே அவுட். அந்த ஓவரில் மொத்தம் கிடைத்தது அந்த ஒரு ரன்தான்.

மீதி 12 பந்து. வேண்டியது 34 ரன். வீடுகளில் டெலிவிஷனை அணைத்தவர்கள் எத்தனையோ பேர்.

அணைக்காதவர்கள் அதிசயத்தைப் பார்த்தார்கள். தினேஷ் கார்த்திக் வந்தார். முதல் பந்திலேயே சிக்சர்! அந்த ஒரு ஓவரில் மட்டும் 22 ரன். கடைசி ஓவரில் 12 ரன் வேண்டும். கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். கார்த்திக் அடித்த பந்து தட்டையாகப் பறந்து எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. சிக்சர்! கோப்பை இந்தியாவுக்கு! கார்த்திக் 8 பந்தில் 29 ரன். விஜய் சங்கர் 19 பந்தில் 17 ரன்.

மறுநாள் கார்த்திக்குக்கு மாலை. விஜய் சங்கருக்கு ஏச்சு. தோற்ற ஆட்டத்தில் ஒருவரைத் திட்டுவது உலக வழக்கம். ஜெயித்த ஆட்டத்தில் ஒருவரைத் தேடிப் பிடித்துத் திட்டியது அன்றுதான்!

எண்ணிப் பார்த்தால்...

பெரியவர் சொன்ன கணக்கைப் பார்ப்போம். அந்தக் கடைசி ஓவரின் நாலாவது பந்தை விஜய் சங்கர் எல்லைக்கு அடித்தார். நாலு ரன். அது போகாமல் இருந்திருந்தால், கடைசிப் பந்தில் வேண்டியது 5 ரன் அல்ல, 9 ரன். ஒரு சிக்சரால் அந்தக் கோப்பை வந்திருக்காது.

இன்னும் ஒன்று. ஐந்தாவது பந்தையும் அவர் தூக்கி அடித்தார். பிடிபட்டு அவுட் ஆனார். ஆனால் பந்து வானத்தில் இருக்கும்போதே இருவரும் ஓடி இடம் மாறிவிட்டார்கள். அதனால்தான் கடைசிப் பந்தைச் சந்திக்கக் கார்த்திக் நின்றார். 2022-ல் இந்த விதியை மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு என்றால் புதிதாக வருகிறவர்தான் அந்தப் பந்தை ஆட வேண்டும். அன்று புதிதாக வந்தவர் வாஷிங்டன் சுந்தர். அவரும் சென்னைப் பிள்ளைதான். அந்தக் கடைசிப் பந்தை அவர் என்ன செய்திருப்பார் என்பதற்குக் குரங்கணியில் தனிச் சண்டை நடத்தலாம்!

அதே தொடரில், மார்ச் 8-ந் தேதி இதே வங்காளதேசத்தை இந்தியா வென்றது. அன்று 2 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் விருது வாங்கியவர் யார்? விஜய் சங்கர். பத்து நாளைக்குள் அது எல்லோருக்கும் மறந்து போய்விட்டது.

அப்படியானால் அவரை ஒன்றுமே சொல்லக் கூடாதா? அது எப்படி? நான்கு பந்தை அடிக்க முடியாமல் தவித்தார். ஒரு ரன் எடுத்து எதிர்ப்பக்கம் ஓடவும் வழி தெரியவில்லை. இதை எழுதத்தான் வேண்டும். ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் வாய்ப்பு கை நழுவியது பற்றி அவரே பிறகு வருத்தப்பட்டுப் பேசினார். அவரே ஒப்புக்கொண்டதை ரசிகர்கள் மறைப்பானேன்?

"பேனா பிடிக்கிறவன் மட்டையைப் பிடித்துப் பார்க்கட்டும்" என்கிறார்கள் சில ரசிகர்கள். இது வாதமே அல்ல. சமைக்கத் தெரியாதவனுக்கும் குழம்பில் உப்புக் கூடிப் போனது தெரியும். "நம்ம ஊர்ப் பையன்" என்பதும் அப்படித்தான். ஊரைப் பார்த்துப் பரிந்து பேசத் தொடங்கினால், அடுத்த ஊர்க்காரர் தம் ஊரைப் பார்த்துத் திட்டத் தொடங்குவார்.

ஆனால், போடி ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வியாபாரி மாதிரிக் காயைக் கையில் எடுக்கிறார். நிறம் பார்க்கிறார். பருமன் பார்க்கிறார். விலை சொல்கிறார். காய் மட்டம் என்றால் மட்டம் என்றுதான் விலை வைப்பார். அதற்காகத் தோட்டக்காரருக்குப் பட்டப்பெயர் வைப்பதில்லை. தோட்டத்திலும் அப்படியே. ஏலச்செடி நட்ட உடனே காய்க்காது. இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். பிறகும் சுற்றுச் சுற்றாகத்தான் காய் எடுப்பார்கள். ஒரு சுற்றில் காய் குறைந்தது என்று செடியைப் பிடுங்கி எறிகிற தோட்டக்காரர் உண்டா?

விஜய் சங்கருக்குக் கிடைத்தது விலை அல்ல, பட்டப்பெயர். அதுவும் ஒன்றல்ல, இரண்டு!

2019-ம் ஆண்டு உலகக் கோப்பைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மட்டை, பந்து வீச்சு, பந்து பிடிப்பது ஆகிய மூன்று பக்கமும் கை கொடுப்பார் என்று தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் சொன்னார். "முப்பரிமாணம்" என்று ஒரு சொல்லைப் போட்டார். இடம் கிடைக்காத அம்பத்தி ராயுடு, உலகக் கோப்பையைப் பார்க்க "த்ரீ டி" கண்ணாடி வாங்கியிருப்பதாகக் கிண்டலாக எழுதினார். சொன்னவர் ஒருவர். கிண்டல் செய்தவர் இன்னொருவர். பெயர் ஒட்டிக்கொண்டதோ வாயே திறக்காத விஜய் சங்கருக்கு!

அதற்கு ஒரு மாதம் முந்தி, மார்ச் 5-ந் தேதி, நாக்பூரில் நடந்ததை யாரும் பெயராக வைக்கவில்லை. ஆஸ்திரேலியா ஜெயிக்கக் கடைசி ஓவரில் 11 ரன் போதும். பந்து விஜய் சங்கர் கையில். முதல் பந்தில் ஒரு விக்கெட். மூன்றாவது பந்தில் ஒரு விக்கெட். ஆட்டம் முடிந்தது. இந்தியாவுக்கு 8 ரன்னில் வெற்றி. அன்று அவர் மட்டையாலும் 46 ரன் எடுத்திருந்தார். உலகக் கோப்பையிலும், ஜூன் 16-ந் தேதி பாகிஸ்தானுக்கு எதிராக, தாம் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார். பிறகு கால் விரலில் அடிபட்டு ஊர் திரும்பினார். அதன் பின் இந்திய அணிக்கு அவர் ஆடவில்லை.

"பார்த்தீர்களா? நாங்கள் அன்றே சொன்னோமே!" என்று திட்டியவர்கள் சொல்லலாம். அவர் பெரிய நட்சத்திரமாக வரவில்லை என்பது மெய். ஆனால் அதற்கு விடை அந்த நான்கு பந்தில் இல்லை. காயம் உண்டு. போட்டி உண்டு. அவர் இடத்துக்கு வந்தவர்களின் திறமை உண்டு.

பெயர் ஒட்டிக்கொள்வது என்றால் என்ன என்று குரங்கணிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொழும்பு ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, 2018 மார்ச் 11-ந் தேதி, அந்த மலையில் தீப்பிடித்தது. மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். ஊர் மக்களும் மேலே ஓடி, காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். அன்று முதல் வெளியூரில் குரங்கணி என்றால் "தீப்பிடித்த ஊரா?" என்றுதான் கேட்கிறார்கள். கொட்டகுடி ஆறு உண்டு, மாந்தோப்பு உண்டு, காப்பி உண்டு. அதையெல்லாம் கேட்பார் இல்லை. உயிர்ப்பலியையும் பந்தாட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ஒரு நாளைப் பிடித்து ஒரு பெயரோடு கட்டிவிடும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

நல்ல விமர்சனம் எப்படி இருக்கும்? 2024 டிசம்பரில் மெல்போர்னில் ரிஷப் பந்த் அநாவசியமாக ஒரு பந்தைத் தட்டிவிட்டு அவுட் ஆனார். டெலிவிஷனில் பேசிக்கொண்டிருந்த சுனில் கவாஸ்கர், முட்டாள்தனம் என்று மூன்று தடவை சொன்னார். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆறு மாதம் கழித்து லீட்ஸ் நகரில் பந்த் இரண்டு இன்னிங்சிலும் சதம் அடித்தார். அதே கவாஸ்கர் அதே வாயால், பிரமாதம் என்று மூன்று தடவை சொன்னார்! மெல்போர்னில் சொன்ன சொல் கடுமைதான். ஆனால் அவர் திட்டியது ஓர் அடியை. அதனால்தான் இன்னோர் அடியைப் பாராட்ட அவருக்கு வாய் வந்தது.

ரசிகர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்ல முடியாது. 2022-ல் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு கேட்சை விட்டதற்காக 23 வயது அர்ஷ்தீப் சிங்கை இணையத்தில் என்ன பாடு படுத்தினார்கள்! அதைச் செய்தது பத்திரிகைகள் அல்ல. ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள்தான். 2024-ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அந்த அர்ஷ்தீப் 17 விக்கெட் எடுத்தார். தம் ஆளுக்கு நியாயம் கேட்கிறவர், பிறர் வீட்டுப் பிள்ளைக்கும் அதைக் கொடுக்க வேண்டாமா?

விளையாட்டுப் பக்கம் தயாரிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். புதிய ஆட்டக்காரர் சொதப்பினால் சொதப்பினார் என்றே போடட்டும். கூடவே, அவர் எத்தனையாவது தடவையாக மட்டை பிடிக்கிறார், அவரை அந்த நேரத்தில் அனுப்பியது யார் என்று இரண்டு வரி சேர்க்கட்டும். பத்திரிகையில் அதற்கு அரை அங்குல இடம் போதும். கொழும்பு ஆட்டத்துக்கு மறுநாள் காலை அந்த இரண்டு வரியைப் படித்திருந்தால், குரங்கணி டீக்கடையில் அந்த இளைஞர் வேறு கேள்வி கேட்டிருப்பார்.