பிழை அவளுடைய கோடிங்கில் இல்லை

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நானும் என் மச்சாளும் ஒரு சின்ன வீட்டுப்பாடத் தளம் செய்தோம். அவளுடைய லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சர்வரில் ஏற்றியதும், யார் உள்ளே வந்தாலும் 401. "உன்ர கோடிங்கிலதான் ஏதோ பிழை" என்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பாவம், இரண்டு இரவு நித்திரை இல்லாமல் லாகின் பகுதியை முழுக்கத் திருப்பி எழுதினாள். பிறகும் 401.

எங்கள் செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக நின்றது. பிரவுசர் அனுப்புவதை முதலில் வாங்குவது அதுதான். செயலி பார்ப்பது அது கைமாற்றித் தருவதை மட்டுமே. நாங்கள் அடையாள டோக்கனை 'யூசர்_டோக்கன்' என்ற ஹெடரில் அனுப்பினோம். பெயரில் அண்டர்ஸ்கோர் இருந்தால், என்ஜின்எக்ஸ் அதன் இயல்பு அமைப்பில் அந்த ஹெடரைச் செல்லாதது என்று விட்டுவிடும். மற்றதெல்லாம் போகும், அது மட்டும் போகாது. டோக்கன் இல்லாத செயலி 401 சொல்லாமல் வேறு என்ன சொல்லும்?

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். குக்கீ அளவுக்கு மீறிப் பெருத்தால் இதே என்ஜின்எக்ஸ் 400 தந்து, ஹெடர் பெரிதாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. எரிச்சல்தான், ஆனால் எங்கே தேடுவது என்று தெரியும். அண்டர்ஸ்கோர் விஷயத்தை மட்டும் லாக்கில் 'இன்ஃபோ' மட்டத்தில் எழுதுகிறது. இயல்பாக லாக்கில் பதிவது 'எரர்' மட்டமும் அதற்கு மேலும்தான். ஆகவே நாங்கள் திறந்து பார்த்த லாக் வெறுமையாக இருந்தது. மறுத்துச் சொல்லும் ப்ராக்ஸியை விட, பேசாமல் விழுங்கும் ப்ராக்ஸி மோசம்.

தேடினால் பலரும் சொல்லும் வழி, 'அண்டர்ஸ்கோர்ஸ்_இன்_ஹெடர்ஸ்' என்பதை 'ஆன்' ஆக்கு என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய சிஜிஐ வழக்கப்படி, ஹெடர் பெயரிலுள்ள ஹைஃபன் செயலிக்குள் அண்டர்ஸ்கோராக மாறிவிடும். அப்படிப்பட்ட செயலிக்கு 'யூசர்-டோக்கன்', 'யூசர்_டோக்கன்' இரண்டும் ஒன்றே. ஹைஃபன் உள்ளதை ப்ராக்ஸி கவனமாகச் சரிபார்த்தாலும், வெளியாள் ஒருவர் அண்டர்ஸ்கோர் உள்ளதை அனுப்பி உள்ளே புகப் பார்க்கலாம். அந்தத் தடை காரணத்தோடுதான் இருக்கிறது. நாங்கள் பெயரில் ஹைஃபன் போட்டோம். ஒரு எழுத்துத்தான் மாறியது.

உங்களுக்கும் இப்படி வந்தால், கோடிங்கைத் தொட முதல் இதைச் செய்யுங்கள். சர்வருக்குள் போய், 'கர்ல்' கொண்டு ஒரே கோரிக்கையைச் செயலியின் போர்ட்டுக்கு நேராக ஒருமுறையும், ப்ராக்ஸி வழியாக ஒருமுறையும் அனுப்புங்கள். இரண்டு தடவையும் செயலிக்கு வந்து சேர்ந்த ஹெடர்களை அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. (முடிந்ததும் அந்த அச்சிடும் வரியை அழித்துவிடுங்கள், டோக்கன் லாக்கில் கிடக்கக் கூடாது.) 'ப்ராக்ஸி_செட்_ஹெடர்' வரிகளையும் ஒருக்கால் பாருங்கள்: 'லொக்கேஷன்' உள்ளே அப்படி ஒரு வரி புதிதாக எழுதினாலே, வெளியே எழுதிய அத்தனையும் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் போய்விடும்.

மச்சாளிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அந்த ப்ராக்ஸியைப் போட்டது ஆர்?" என்றாள்.

நான்தான்.