ஐம்பது காசு கார்டும் ஒரு செஸ் ஆட்டமும்

தபால் கார்டில் செஸ் ஆடலாம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? 2023 டிசம்பர் வரை நானும் நம்பவில்லை.

மிக்ஜாம் புயல் வந்தப்போ நம்ம திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, செல் செத்துப் போச்சு. பரண் மேல் இருந்த சாமானெல்லாம் நனையாமல் இறக்கி வைக்கும்போது பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே கட்டுக் கட்டாய்த் தபால் கார்டுகள். விலாசத்தைத் தவிர பெரும்பாலும் நான்கு நான்கு எண்கள்தான். 5254... 7163... தாத்தா ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏதோ சரக்கு நம்பர் என்று நினைத்துக் கேட்டேன். "லூசு, அது செஸ்ஸுடா" என்றார்.

கணக்கு ரொம்ப சுலபம். இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழிருந்து மேலாக 1 முதல் 8. 5254 என்றால் ஐந்தாம் வரிசையில் இரண்டாம் கட்டத்தில் இருப்பதை நான்காம் கட்டத்துக்கு நகர்த்து. நம்ம சி.என்.சி. லேபில் எக்ஸ், ஒய் கொடுக்கிற மாதிரியேதான்! மொழி தேவையில்லை. ராயபுரத்துக்காரரும் ரஷ்யாக்காரரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆடலாம். இதனாலேயே சந்தேகமும் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தணிக்கைத் துறை, உளவுச் செய்தியாக இருக்குமோ என்று பயந்து வெளிநாட்டுத் தபாலில் செஸ் ஆடுவதையே தடுத்துவிட்டது.

பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள் அவகாசம். கார்டு பயணம் செய்யும் நாட்கள் கணக்கில் வராது. தபால் முத்திரைதான் சாட்சி. வெளிநாட்டு ஆட்டம் ஒன்று முடிய இரண்டு, மூன்று வருஷம் ஆகும். தாத்தா 1991-ல் செக்கோஸ்லோவாகியாக்காரர் ஒருவரோடு ஒரு ஆட்டம் தொடங்கினார். 1993 ஜனவரியில் அந்த நாடே இரண்டாகப் பிரிந்தது. அதே ஆள், அதே கையெழுத்து, ஸ்டாம்பில் மட்டும் வேறு நாட்டின் பெயர்! தாத்தா அந்த இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அந்த ஆட்டத்தில்தான் ஒரு தப்பும் நடந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தில் 6134 என்று எழுத வேண்டியதை 6143 என்று எழுதிவிட்டார். பிஷப் போக வேண்டிய இடம் ஒன்று, போய் நின்ற இடம் வேறு. தன் ராணி முன்னால் நிற்கும் சிப்பாயின் வழியையே அடைத்துக்கொண்டு நின்றது. எதிராளிக்கே சந்தேகம் வந்து, பதில் கார்டில் "உறுதிதானா?" என்று கேட்டிருக்கிறார். கை தவறிடுச்சு சார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் விட்டிருப்பார். தாத்தா எழுதிய பதில்: உறுதி. 1994-ல் தோற்றார். "எழுதி பொட்டில போட்டாச்சு, அப்பாலிக்கு இன்னா பேச்சு?" என்கிறார் இன்றைக்கும்.

செஸ் மட்டும் என்று நினைக்காதீர்கள். டிப்ளமஸி என்று ஒரு விளையாட்டு. ஏழு பேர் ஏழு வல்லரசாக ஐரோப்பாவைப் பிடிக்கப் போட்டி போடுவது. 1960-களிலேயே அமெரிக்காவில் அதைத் தபாலில் ஆடினார்கள். அதைக் கண்டுபிடித்த ஆலன் கலாமர் பிற்காலத்தில் வேலை பார்த்தது தபால்காரராக! 1970-ல் ரிக் லூமிஸ் இதை ஒரு கம்பெனியாகவே நடத்தத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் தபாலில் உத்தரவு அனுப்ப, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிவைத் திருப்பி அனுப்பும். (கேரம் போர்டில் உலகக் கோப்பை கொண்டு வந்த நம்ம காசிமா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்ட்ரைக்கரைக் கவரில் போட்டு அனுப்ப முடியாதே!)

பிறகு இ-மெயில் வந்தது. சர்வதேசத் தபால் செஸ் சம்மேளனம் 2004-ல் சர்வருக்கே போய்விட்டது. கம்ப்யூட்டர் உதவியையும் அனுமதித்துவிட்டது. மறைத்துச் செய்வதைத் தடுக்க முடியாது, வேறென்ன செய்வார்கள்? விளைவு, இன்று பெரிய போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிரா. இரண்டு மனிதர் ஆடுகிறார்களா, இரண்டு மெஷின் ஆடுகிறதா என்றே புரியவில்லை.

என் கருத்து இதுதான். தபாலின் தாமதத்தைக் குறை என்று நினைத்து நீக்கினோம். ஆட்டமே அந்தத் தாமதத்தில்தான் இருந்தது. ஒரு கார்டு போய் வருகிற பத்துப் பதினைந்து நாளில் தாத்தா டியூட்டிக்குப் போனார், கல்யாணத்துக்குப் போனார், பஸ்ஸில் நின்றுகொண்டே குதிரையை எங்கே வைக்கலாம் என்று யோசித்தார். ஆட்டம் அவர் நேரத்தைத் தின்னவில்லை.

நம்ம கதை என்ன? என் பெஞ்ச் நண்பன் ஒருவன் செமஸ்டர் ஃபீஸை ராத்திரி ரெண்டு மணிக்கு ரம்மியில் விட்டான். அவன் அம்மா மீன் விற்றுச் சேர்த்த காசு. அடுத்த ஆட்டம் பத்து செகண்டில் ரெடி, யோசிக்க விட்டால்தானே எழுந்து போவான்? 2025-ல் தமிழ்நாட்டில், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு அவற்றை அடியோடு தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. தூங்கப் போ என்று சொல்ல நமக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

"ஆப்பிலேயே ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் ஆடலாமேடா" என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நானும் ஆடிப் பார்த்தேன். நகர்த்தலைப் போட செல்லை எடுத்தால், கீழே வைக்க ஒரு மணி நேரம் ஆகிறது. கார்டு அப்படி இல்லை. எழுதினோமா, போட்டோமா, அவ்வளவுதான். எதிராளி வீட்டில் கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடினால்? ஆடட்டும். ஒரு நகர்த்தலுக்கு ஐம்பது காசு செலவழித்து ஏமாற்றுகிறவனைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அத்தை மகன் அங்கே எட்டுப் பேர் சேர்த்திருக்கிறான். இங்கே இதுவரை ஐந்து பேர். இன்னும் மூன்று பேர் வேண்டும். செஸ் சுமாராகத் தெரிந்தால் போதும். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், மெஷின் ஷாப் பக்கம் வந்து பெயர் கொடுங்கள். கார்டு அவரவர் செலவு. 3-ஐயும் 4-ஐயும் மட்டும் பார்த்து எழுதுங்கள்.