ஓஸ்லோ போகணுமா? நாளுக்கு 480 ரூபாய் எடுத்து வைங்க



"மாசம் 50,000 ரூபாய் கையில வாங்குறேன். தனியா ஒரு அஞ்சு நாள் ஓஸ்லோ போய்ட்டு வரணும். பர்சனல் லோன் போடலாமா?" இந்த மாதிரி கேள்விகள் இப்போ அடிக்கடி வருது. ஊர் பேர் மட்டும் மாறும். ஒருத்தர் ஸ்டாக்ஹோம்னு சொல்வார், இன்னொருத்தர் கோபன்ஹேகன்னு சொல்வார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தாராளமா போங்க. ஆனா லோன் போட்டு போகாதீங்க, ஒரு வருஷம் சேர்த்துட்டுப் போங்க. வட்டி மிச்சமாகும்ங்கிறது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு, அதை விசா பகுதியில சொல்றேன்.

எவ்வளவு ஆகும்?

சென்னையிலிருந்து ஓஸ்லோவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஒரு இடத்துலயாவது மாறணும். ஹாஸ்டல்ல ஒரு படுக்கை, அஞ்சு இரவு என்று வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு இது. சீசனைப் பொறுத்து கூடும், குறையும்.

- விமானம், போக வர: 75,000
- விசா, இன்சூரன்ஸ்: 14,000
- தங்கும் செலவு: 25,000
- சாப்பாடு: 18,000
- ஊருக்குள் பயணம்: 6,000
- நுழைவுக் கட்டணங்கள்: 7,000
- குளிர் உடை: 10,000
- அவசரத்துக்கு: 20,000

மொத்தம் 1,75,000 ரூபாய். கடைசி வரியை மட்டும் வெட்டாதீங்க. தனியா போறவங்களுக்கு போன் தொலைஞ்சாலும் விமானம் தவறினாலும் பக்கத்துல கடன் கேட்க ஆள் இருக்காது.

நான் இருக்கிறது திருத்தணியில. எங்க மலைக்கோயிலுக்கு 365 படி, வருஷத்தோட நாளுக்கு ஒண்ணுன்னு சொல்வாங்க. டிசம்பர் 31 அன்னிக்கு படித்திருவிழாவுல ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். 1,75,000-ஐ 365-ஆல வகுத்துப் பாருங்க. நாளுக்கு சுமார் 480 ரூபாய், மாசத்துக்கு 14,600 ரூபாய் வரும்.

இங்கிருந்து தினமும் ரயில் ஏறி சென்னைக்கு வேலைக்குப் போய் வர்றவங்க நிறைய பேர். அலைச்சல்தான், இல்லைங்கல. ஆனா அவங்களுக்கு பிஜி வாடகை இல்லை, மெஸ் பில் இல்லை. அந்த மிச்சம் மாசாமாசம் எங்கே போகுதுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. அதைத்தான் எடுத்து வைக்கச் சொல்றேன். சென்னையிலயே வாடகை கொடுத்துத் தங்குறவங்களுக்கு 14,600 கஷ்டம்னா 18 மாசமா நீட்டுங்க. மாசம் 9,700 ரூபாய் போதும். ஓஸ்லோ எங்கேயும் ஓடிடாது.

லோன் போட்டா என்ன ஆகும்?

அதே 1,75,000 ரூபாயை 16 சதவீத வட்டியில 24 மாச பர்சனல் லோனா எடுக்கறீங்கன்னு வைங்க. ஈஎம்ஐ சுமார் 8,570 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 30,600-க்கு மேல. பிராசஸிங் கட்டணமும் அதுக்கான ஜிஎஸ்டியும் தனி.

இதையே மாசம் 14,600 ரூபாயா 6.5 சதவீத ஆர்டியில போட்டா ஒரு வருஷத்துல சுமார் 6,000 ரூபாய் வட்டி உங்களுக்கு வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 37,000 ரூபாய். நம்ம பட்டியல்ல தங்கும் செலவையும் உள்ளூர்ப் பயணத்தையும் சேர்த்தாலே 31,000-தான்!

இன்னொரு விஷயம். ட்ரிப் அஞ்சு நாள்ல முடிஞ்சிடும், ஈஎம்ஐ ரெண்டு வருஷம் வரும். நடுவுல வேலை மாறணும்னு தோணினாலும், வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தாலும், அந்த 8,570 ரூபாய் உங்க கையைக் கட்டிப் போடும்.

விசாவுக்கு வருவோம்

நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்லை, ஆனா ஷெங்கன்ல இருக்கு. அதனால ஷெங்கன் விசா எடுக்கணும். பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுத்தா அது திரும்ப வராது. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கிளம்பும் தேதிக்கு 6 மாசம் முன்னாடியிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். அவ்வளவு தூரம் இழுக்காதீங்க. விசா கைக்கு வரும்வரை, ரத்து பண்ணா பணம் திரும்பக் கிடைக்கிற புக்கிங் மட்டும் போடுங்க.

இங்கேதான் நான் சொன்ன முக்கியமான காரணம். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பாங்க. பலர் என்ன பண்றாங்கன்னா, மாமாகிட்டயோ நண்பர்கிட்டயோ ரெண்டு லட்சம் வாங்கி, விண்ணப்பிக்க ஒரு வாரம் முன்னாடி அக்கவுண்ட்ல போட்டுடறாங்க. 9,000 ரூபாய் பேலன்ஸ் இருந்த அக்கவுண்ட்ல திடீர்னு ரெண்டு லட்சம் வந்தா, பார்க்கிற அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். லோன் பணம் மொத்தமா வந்து விழுந்தாலும் அதே கதைதான்.

மாசாமாசம் சம்பளம் வருது, ஆர்டிக்கு ஒரு தொகை போகுது, சேமிப்பு ஏறிட்டே வருது. அப்படி ஒரு ஸ்டேட்மென்ட்டுக்கு விளக்கக் கடிதமே தேவைப்படாது. நீங்க சேர்க்கிறது டிக்கெட் காசு மட்டும் இல்லை, விசாவுக்கான ஆதாரமும் சேர்ந்து உருவாகுது. அதனாலதான் கடனைவிட ஒரு வருஷக் காத்திருப்பு மேல்ங்கிறேன்.

கூடவே ஐடிஆர். "12 லட்சம் வரை வரி இல்லையே, எதுக்கு ஃபைல் பண்ணணும்?"னு விட்டுடறாங்க. வரி கட்ட வேண்டாம்ங்கிறது வேற, ரிட்டர்ன் போடணும்ங்கிறது வேற. புது முறையில வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினா ரிட்டர்ன் போடணும். சம்பளச் சீட்டு, லீவ் கடிதம், ஐடிஆர், பேங்க் ஸ்டேட்மென்ட் நாலும் ஒரே சம்பளத்தைத்தான் சொல்லணும்.

ஆடிட்டரா மூணு விஷயம்

ஒண்ணு, எல்டிஏ. வெளிநாட்டுப் பயணத்துக்கு எல்டிஏ விலக்கு கிடையாது, அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும். புது வரி முறையில அதுவும் இல்லை. டிக்கெட்டைக் கொண்டுபோய் ஹெச்ஆர்கிட்ட கொடுக்காதீங்க.

ரெண்டு, டிசிஎஸ். டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2026 பட்ஜெட் இதை 2 சதவீதமா குறைச்சது. விமான டிக்கெட்டை மட்டும் தனியா, ஹோட்டலை மட்டும் தனியா நீங்களே வாங்கினா அது பேக்கேஜ் கணக்குல வராது. பிடிச்சிருந்தாலும் அது செலவு இல்லை, ரிட்டர்ன்ல திரும்ப வாங்கலாம்.

மூணு, கார்டு. ஓஸ்லோவுல எங்கேயும் கார்டுதான். பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் போடும். ஜிஎஸ்டி சேர்த்தா 4.13 சதவீதம். 60,000 ரூபாய் செலவுக்கு கிட்டத்தட்ட 2,500 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு முன்னாடியே வாங்குங்க. கடையில மெஷின் "ரூபாயா, குரோனா?"ன்னு கேட்டா குரோனைத் தேர்ந்தெடுங்க. ரூபாயைத் தேர்ந்தெடுத்தா அவங்க வச்ச ரேட்டுலதான் மாத்துவாங்க.

அங்கே போனதும்

கார்டமோன் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்ள வர எக்ஸ்பிரஸ் ரயில் ஒண்ணு இருக்கு, சாதாரண ரயிலும் இருக்கு. சாதாரண ரயில் டிக்கெட் விலை கிட்டத்தட்ட பாதி, நேரம் சில நிமிஷம்தான் கூடும். ஓபரா ஹவுஸ் கூரை மேல நடக்க, விகெலாண்ட் சிற்பப் பூங்காவைச் சுத்த, டைக்மன் நூலகத்துல உட்கார காசு இல்லை. பக்கத்துத் தீவுகளுக்குப் போற படகு நகரப் போக்குவரத்து டிக்கெட்டுலயே அடங்கிடும். குழாய்த் தண்ணியைக் குடிக்கலாம். சாப்பாட்டுக்கு சூப்பர் மார்க்கெட் போங்க, ஹோட்டல்ல உட்கார்ந்தா பட்ஜெட் ஒரே நாள்ல பறந்திடும்.

டிசம்பர்ல அங்கே பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். முதல் தடவைன்னா என் சாய்ஸ் செப்டம்பர். மே 17 அவங்க தேசிய தினம், அந்த வாரத்தைத் தவிர்த்தா அறை கிடைக்கிறது சுலபம்.

தனியா போக பயமா இருக்கா? 1956-லேயே யாழ்ப்பாணத்து அந்தோணி ராஜேந்திரம் நார்வே போனார். அங்கே மீன்பிடித் தொழில் கத்துக்கிட்டு, பின்னாடி ஊருக்காக சீநோர் திட்டத்தைத் தொடங்கினார். இன்னிக்கு ஓஸ்லோவின் அம்மெரூத் பகுதியில ஈழத்தமிழர்கள் நடத்துற சிவசுப்பிரமணியர் ஆலயமே இருக்கு. மெட்ரோவுல போயிடலாம். திருத்தணிக்காரங்களுக்கு அங்கேயும் முருகன் இருக்கார்!

யார் இப்போ போகக் கூடாது?

மூணு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி பணம் இல்லாதவங்க. அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்காதவங்க. கிரெடிட் கார்டு பாக்கியை முழுசா கட்டாம மினிமம் மட்டும் கட்டிட்டு இருக்கிறவங்க. இந்த மூணுல எதுல நீங்க இருந்தாலும் முதல்ல அதை முடிங்க, அப்புறம் ஆர்டியைத் தொடங்குங்க.

"இதெல்லாம் ஆடம்பரம், நகை வாங்கி வை"ன்னு வீட்டுல சொல்வாங்க. சேர்த்த காசுல, வீட்டுக் கடமைக்குக் குறை வைக்காம போறது ஆடம்பரம் இல்லை. அப்பாகிட்ட ஆர்டி பாஸ்புக்கைக் காட்டிச் சொல்லிப் பாருங்க. பேச்சு வேற மாதிரி போகும்.

இந்த மாச சம்பளம் வந்த அன்னிக்கே ஆர்டியைத் தொடங்கிடுங்க. எந்த ஊருன்னு அப்புறம்கூட முடிவு பண்ணிக்கலாம்.