வஞ்சிரம் இல்லாத விருந்து

மே மாதம் பிறந்தாலே எங்கள் வீட்டில் ஒரே பல்லவிதான்: "கடலுக்குப் போகலாம்!" நெமிலிச்சேரிக்காரர்களுக்கு ரயில் உண்டு, வெயில் தாராளமாக உண்டு, கடல் மட்டும் இல்லை. மெரினா வேண்டாம் என்று இந்தமுறை வடக்கே திரும்பினோம். வெளிவட்டச் சாலைதான் நம் ஊர் வழியாகவே போகிறதே! அதில் சுமார் 30 கி.மீ. போனால் மீஞ்சூர், பிறகு பொன்னேரி, அப்புறம் பழவேற்காடு. காலை இட்லியை முடித்துக்கொண்டு கிளம்பினால், வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விடலாம்.

என் கணவரோடு வேலை பார்ப்பவரின் தங்கை வீடு அங்கே இருக்கிறது. வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிப்பவர். "ரெண்டு நாள் எங்க வீட்லயே தங்குங்கண்ணா" என்று வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார்கள். சமையல் செலவு எங்களுடையது என்று முன்பே பேசிவிட்டோம். நான் ஒரு சம்படம் நிறைய ரவா லாடு உருட்டி எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் என் மாமனாரிடமிருந்து வந்தது. 78 வயது. ஞாயிறு தவறாமல் மீன் வேண்டும், அதுவும் வஞ்சிரம்தான் வேண்டும். போய் இறங்கியதுமே, "வஞ்சிரம் கிடைக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

அந்தத் தங்கச்சி சிரித்தாள். "இப்போ தடைக்காலம் ஐயா. இன்னிக்கு மடவைதான் வந்திருக்கு."

மாமாவின் முகம் சுருங்கியது. உடனே என் கணவர் பர்ஸை எடுத்து, "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, மார்க்கெட்ல வாங்கிடலாமே" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த மடவையைப் பார்த்தாள். விடியற்காலையில் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்த மீன் அது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "இருங்க, மடவையே சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக அரசு கொடுக்கும் இடைவெளி அது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும். அதனால் மே மாதம் நம் சந்தையில் பார்க்கும் வஞ்சிரத்தில் நிறைய அந்தப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. கடற்கரைக்கு வந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணப்பட்ட மீனைக் கேட்டிருக்கிறோம்!

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடம். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்கே போகும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் இந்த வரவும் போக்கும் நின்று, இவர்கள் பிழைப்பும் முடங்கும்.

அடுப்படியில் நான் கற்றுக்கொண்டது: மடவையில் சேற்று வாசனை வருவதாகச் சொல்பவர்கள் பலர். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் அந்த வாசனை போய்விடும். புளியைப் பாதியாகக் குறைத்து, புளிப்புக்கு மாங்காய்த் துண்டுகள். மீனைப் போட்டபிறகு கரண்டி வைக்காமல் சட்டியை மட்டும் லேசாகச் சுற்றிவிட வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தோம். மாமா குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்துகொண்டு, மீனை ஓரமாக ஒதுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மாமியார் இருந்தவரை எல்லா மீனும் சாப்பிட்டவர்தான் இவர். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துத் தட்டில் வைப்பார். அத்தை போன பிறகுதான் இந்த 'வஞ்சிரம் மட்டும்' பிடிவாதம். அதில்தான் சின்ன முள் தொல்லை குறைவு. கண் மங்கியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் இரண்டு வருஷமாக அதை நாக்கு ருசி என்றே நினைத்திருந்தோம்.

நான் எழுவதற்குள் என் மகள் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். எட்டாம் வகுப்புப் படிப்பவள். அந்த வீட்டுத் தங்கச்சி தன் பிள்ளைக்கு முள் எடுப்பதைப் பார்த்து, தானும் நடு முள்ளை அப்படியே தூக்கி, சதையை விரலால் தடவிப் பார்த்து, தாத்தா தட்டில் வைத்தாள். மாமா ஒன்றும் பேசவில்லை. மூன்று துண்டு சாப்பிட்டார்.

மாலையில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் இது. திரும்பியபோது பக்கத்துத் தெரு மரைக்காயர் வீட்டுப் பாட்டி ஒரு தட்டு நிறைய இளநீர்க் கடற்பாசி கொடுத்தனுப்பியிருந்தார். என் ரவா லாடு மாமாவின் பல்லுக்கு ஒத்துவரவில்லை. கடற்பாசி வழுக்கிக்கொண்டு போனது. பதிலுக்குப் பாட்டி வீட்டுக்கு லாடு போனது, பேரப்பிள்ளைகள் தீர்த்துவிட்டார்களாம்.

செய்முறை கேட்டு வாங்கிவந்தேன். 10 கிராம் கடற்பாசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, முழுதாகக் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். ஐந்து ஸ்பூன் சர்க்கரை சேர்த்து இறக்கி வடிகட்டி, இரண்டு டம்ளர் இளநீரும் நறுக்கிய வழுக்கையும் கலந்து தட்டில் ஊற்றுங்கள். இளநீர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது. ஜில்லென்று ஊற்றினால் கட்டிகட்டியாகிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். ராமநாதபுரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் பாசி வகைகளிலிருந்தும் இது தயாராகிறது. சைவக்காரர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்.

மறுநாள் விடியலில் அந்த வீட்டுக்காரர் இறாலோடு வந்தார். "இன்னிக்கு எங்க பாடு" என்றார். ஏரியில் இறாலுக்கு நல்ல இடங்களைப் 'பாடு' என்பார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. குலுக்கிப் போட்டு, முறை வைத்துத்தான் இறங்குவார்கள். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைக் கேட்டபோது, முந்தின நாள் பர்ஸை எடுத்தது நினைவுக்கு வந்து என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடற்கரைப் பக்கம் விடுமுறைக்குப் போகிறீர்களா? "அந்த மீன் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன வந்திருக்கு?" என்று கேளுங்கள். வந்ததைச் சாப்பிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் எதையாவது வேண்டாமென்று ஒதுக்கினால், ஏன் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

போன ஞாயிறு திருநின்றவூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். "வஞ்சிரம்தானே மாமா?" என்றேன்.

"எது நல்லா இருக்கோ வாங்கிட்டு வாம்மா" என்றவர், உள்ளே எட்டிப் பார்த்து, "பாப்பா மத்தியானம் வீட்லதானே இருப்பா?" என்று கேட்டார்.